கட்டைவிரல் குழி

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்தேன், சுகமாக இருக்கிறேன். நீயும் அத்தானும் சுகமா? என் வாண்டு எப்படி இருக்கிறாள்? நான் கிளம்பியபோது தூங்கிக்கொண்டிருந்தாளே, எழுந்ததும் தேடினாளா? உண்மையை எழுது, மழுப்பாதே.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை தொடங்கிவிட்டது. நோயாளிகளுக்காக உப்பைக் குறைத்து, எண்ணெயைக் குறைத்து, கூடவே ருசியையும் குறைத்துச் சமைக்கிறோம். வேலை நிரந்தரமாகும்வரை லீவு என்று வாயைத் திறக்கக் கூடாதாம். தங்கியிருப்பது பெண்கள் விடுதி. வாசலிலேயே பலகை: குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் அனுமதி இல்லை. குழந்தைகளை முதலில் போட்டிருக்கிறார்கள், அந்த மட்டும் மரியாதை.

அவள் அப்பன் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு எனக்கென்று இருப்பது நீ ஒருத்திதான். வேலை நிலைத்ததும் ஓர் அறை பார்த்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அதுவரைக்கும் உன் மடியில் போட்டிருக்கிறேன்.

மூன்று வயதுகூட முடியவில்லை, நாக்கு மட்டும் எண்பது வயது. காலையில் நான் சுட்ட கோதுமை பிரட்டைத் தவிர எதையும் தொடமாட்டாள், உனக்கே தெரியும். விடுதிச் சமையலறை மூலையில் ஒரு பழைய ஓவன், மேலே வெங்காயக் கூடை வைத்திருந்தார்கள். வார்டனைக் காக்காய் பிடித்து, ஓவனைத் துடைத்து, நேற்று ஒன்று சுட்டு பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். பிரட்டின் மேலே ஓரமாக ஒரு குழி இருக்கும். எலி கடித்ததல்ல. ஓவனில் வைக்கும் முன் என் கட்டைவிரலை அங்கே அழுத்திவிடுவேன். அவள் அதற்குள் தன் விரலை விட்டு, ‘அம்மா வெரலு’ என்று சொன்ன பிறகுதான் வாயைத் திறப்பாள்.

அவளை என் பங்குக்கும் சேர்த்துக் கொஞ்சு. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


ஜனவரி 25

தங்கைக்கு,

கடிதமும் பார்சலும் வந்தன. நாங்கள் மூவரும் நலம். உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

உண்மையை எழுதச் சொன்னாய். தேடினாள். தொண்டை கட்டும்வரை அழுதாள். உன் அத்தான் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து அவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. உன் பிரட்டைக் கண்டதும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுக்கைக்கே போய்விட்டாள். காலையில் மெத்தை முழுக்கத் தூள், தூள் முழுக்க எறும்பு.

இப்போது தெருவில் எந்த பஸ் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடுகிறாள். எதிர் வீட்டுக்காரி, “என்னங்க, புள்ளைக்கு வீட்ல எதுவும் குடுக்கிறதில்லையா, பார்சலுக்கு இப்படிப் பறக்குது?” என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குத்தான் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அத்தான் ஓவன் வாங்கிவிட்டார். எப்படிச் சுடுவது என்று ஒன்று விடாமல் எழுது. சின்ன வயதிலிருந்து உன் கைப்பக்குவத்தைத்தான் எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். எனக்கும் கொஞ்சம் வரட்டுமே.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 2

அன்பு அக்காவுக்கு,

சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். ஓவனா! அத்தானுக்கு ஒரு பெரிய கும்பிடு. என் வயிற்றில் பால் வார்த்தாய்.

கவனமாகப் படி. முழுக் கோதுமை மாவு நான்கு குவளை. தவிட்டைச் சலித்தாயானால் உன்னோடு பேசமாட்டேன். ஈஸ்ட் ஒரு சின்னக் கரண்டி, சிட்டிகை சர்க்கரையோடு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து வை. நுரைத்து வரும். தண்ணீர் ரொம்பச் சூடானால் ஈஸ்ட் செத்துவிடும், ஆறிப்போனால் தூங்கிவிடும். சூட்டுக்கு அளவெல்லாம் கிடையாது, குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு. பிள்ளை பெற்ற எவள் கைக்கும் அது தானாகத் தெரியும்.

உப்பை நுரையில் கொட்டாதே, மாவில் கல. ஒரு கரண்டி எண்ணெய். பிசையும்போது கையில் ஒட்டும். ஒட்டட்டும். ஒட்டுகிறதே என்று மேலே மேலே மாவைத் தூவினால் கடைசியில் கிடைப்பது செங்கல். ஈரத்துணி போட்டு மூடி வை. நன்றாக உப்பியதும் அமுக்கி, அச்சில் போட்டு இன்னொரு தடவை உப்ப விடு. வெந்ததும் கவிழ்த்துத் தட்டிப் பார், காலி டப்பா மாதிரி சத்தம் வர வேண்டும். சூட்டோடு வெட்டாதே, உள்ளே பிசுபிசுக்கும். வாண்டு பிடுங்குவாள். ஏதாவது சொல்லி ஏமாற்றித் தெருவுக்குக் கூட்டிப் போ.

குழியை மட்டும் நீ வைக்காதே அக்கா. அது எனக்கும் அவளுக்கும் உள்ளது.

முதல் பிரட் எப்படி வந்தது என்று உடனே எழுது. அத்தான் முழங்காலுக்குச் சூடான ஒத்தடம் கொடு.

உன் தங்கை


பிப்ரவரி 24

தங்கைக்கு,

நாங்கள் நலம். பிரட் வந்தது. நீ சொன்ன செங்கல்தான். அத்தான் அதைப் பின்கதவுக்கு முட்டுக் கொடுத்துப் பார்த்தார், கதவு அசையவில்லை. வாண்டு ஒரு கடி கடித்து, துப்பி, “இது ச்சீ” என்றாள். எதிர் வீட்டுக்காரியும் பக்கத்தில் இருந்தாள்.

குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு என்று எழுதியிருந்தாய். பிள்ளை பெற்ற எவள் கைக்கும் தெரியும் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் வயிற்றில் எதுவும் தங்கவில்லை என்பது நினைவிருந்து எழுதினாயா, இல்லாமல் எழுதினாயா? நினைவில்லை என்றால், அக்கா அக்கா என்று நீ உருகுவதெல்லாம் வாய்ப்பேச்சு. நினைவிருந்தது என்றால் நான் மேலே எழுத ஒன்றும் இல்லை.

எனக்கு அந்தச் சூடு தெரியாது. தண்ணீர் ஆவி பறந்தது, அப்படியே ஊற்றினேன். ஈஸ்ட் செத்துப்போயிற்று. இந்த வீட்டுக்கு அது புதிதில்லை.

நீ பார்சலை நிறுத்தாதே. வேறு வழி தெரியவில்லை. பனிக்காலம், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அக்கா


மார்ச் 2

என் அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். என் நாக்கைத்தான் இழுத்து வைத்து அறுக்க வேண்டும். மனதில் ஒன்றும் வைத்து எழுதவில்லை அக்கா, சத்தியமாக. கை போகிற போக்கில் எழுதிவிட்டேன். நீ வாயும் வயிறுமாக இருந்து, ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். மறப்பேனா? மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை எழுது, இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

சூட்டுக்கு வேறு வழி சொல்கிறேன். முழங்கையைத் தண்ணீரில் விட்டுப் பார். சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. இன்னொன்றை எழுத விட்டுவிட்டேன்: மாவில் தண்ணீரைக் கலந்து அரை மணி நேரம் சும்மா வை. தவிடு தண்ணீர் குடிக்கட்டும். அதற்குப் பிறகு பிசைந்தால் சொன்னபடி கேட்கும்.

அவள் என்னைக் கேட்கிறாளா? தினமும் ஒரு தடவையாவது என் போட்டோவைக் காட்டு. அத்தானையும் உன்னையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 14

தங்கைக்கு,

எல்லோரும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. குழந்தை உள்ள வீடு, நேரம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

சூடு இப்போது எனக்குத் தெரியும். காலையில் நான்தான் குளிப்பாட்டுகிறேன். முழங்கையில் பார்ப்பேன், இப்போதெல்லாம் அதுவும் வேண்டியிருப்பதில்லை. தலையில் ஊற்றும்போது என் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருக்கிறதே, அதைப் பற்றி நீ எனக்குச் சொன்னதே இல்லை. எல்லாவற்றையும் உனக்கும் அவளுக்கும் என்றே வைத்துக்கொள்வாய்.

போட்டோவைக் காட்டினால் அழுகிறாள். காட்டாவிட்டால் விளையாடுகிறாள். எது நல்லது என்று நீயே சொல். அலமாரியில் எடுத்து வைத்துவிட்டேன்.

பிரட் மட்டும் என் கைக்குப் படியவில்லை. அரை மணி வைத்தேன், துணி போட்டேன், எல்லாம் செய்தேன். தெரு நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. உன் பார்சல் வாரம் தவறாமல் வரட்டும்.

வெயிலில் அலையாதே.

அக்கா


மே 3

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம், உங்கள் எல்லோர் சுகத்துக்கும் எழுது. நல்ல சேதி இருக்கிறது. ஆகஸ்டில் வேலை நிரந்தரம். அறையும் பார்த்துவிட்டேன்! ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில், ஒரு டைலரம்மாவின் வீட்டுப் பின்கட்டு. ஒரு ஜன்னல், ஒரு குழாய், ஓவன் வைக்கத் தோதாக ஒரு கல் மேடை. தயங்கித் தயங்கிக் குழந்தை உண்டு என்றேன். “இருந்தா இருந்துட்டுப் போகுது. மெஷின் சத்தத்தைவிடவா கத்தப் போகுது?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அவரே பார்த்துக்கொள்வாராம். ஆகஸ்டில் லீவு கிடைத்ததும் வந்து அவளைக் கூட்டிக்கொள்கிறேன்.

போட்டோவை அலமாரியில் வைக்காதே அக்கா. காட்டு. அழட்டும். அழுதால்தான் என்னை மறக்கவில்லை என்று அர்த்தம்.

உன் கையால் சாப்பிட ஆசையாக இருக்கிறது. பிரட்டைத் தவிர!

தங்கை


ஜூன் 20

அக்காவுக்கு,

சுகமா? கோபமா? பதிலே இல்லை. பஸ்காரரிடம் விசாரித்தேன். வாரா வாரம் அத்தான் வந்து பார்சலை வாங்கிக்கொண்டு போகிறாராம். ஆக, எல்லோரும் உயிரோடு இருக்கிறீர்கள். வாண்டுவுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் என்னிடம் மறைக்காதே. ஒரு வரி எழுது, போதும்.

தங்கை


ஜூலை 19

தங்கைக்கு,

நாங்கள் நலம். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. கன்னம் வைத்திருக்கிறது, நிறையப் பேசுகிறாள்.

ஒரு விஷயத்தை நீ தெரிந்துகொள்வது நல்லது. ஏப்ரலில் ஒரு நாள் உன் பார்சல் வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பிரட்டை எங்கள் ஓவனில் வைத்துச் சூடு காட்டினேன். வீடு முழுக்க வாசனை. அந்த வாசனைக்கே எழுந்து வந்தாள். குழிக்குள் விரலை விட்டு, “அம்மா வெரலு” என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. நான் என் கட்டைவிரலை எடுத்து அந்தக் குழியில் வைத்துக் காட்டினேன். அளவாகப் பொருந்தியது. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தானே நாம்.

என் விரலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “அம்மா” என்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. குழி யாருடையதோ அவள்தான் அம்மா என்று நீதான் சொல்லிக் கொடுத்து வைத்திருந்தாய். அன்றிலிருந்து உன் பிரட்டை நான் சுட்டதாகத்தான் கொடுக்கிறேன். பஸ் சத்தம் கேட்டு இப்போது அவள் ஓடுவதில்லை.

பிள்ளை அழட்டும் என்று எழுதுகிறாய். பெற்றவள் எழுதுகிற எழுத்தா இது? நான் அவளை அழ விடுவதில்லை. பக்கத்துப் பாலர் பள்ளியில் சேர்த்துவிட்டோம். டைலரம்மாவின் பின்கட்டும் மெஷின் சத்தமும் அவளுக்கு வேண்டாம்.

பார்சலை நிறுத்திவிடலாம் என்று உனக்குத் தோன்றும். நிறுத்து. எனக்கு நட்டமில்லை. அவள்தான் வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போவாள். குழியையும் வைக்காமல் விட்டுவிடாதே, தேடுவாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூலை 24

நலம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நீ அக்காவா? திருடி! என் கையை வைத்தே என் பிள்ளையைப் பறித்திருக்கிறாய். என் விரல் குழிக்குள் உன் விரலை வைக்க உனக்கு எப்படி மனம் வந்தது? தெரியாமல் எழுதிய ஒரு வரிக்கு இவ்வளவு பெரிய தண்டனையா? அத்தான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மாவா இருக்கிறார்?

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை வருகிறேன். அவளுடைய துணிகளை எடுத்து வை. என் பிள்ளை என்னைப் பார்த்தால் போதும், எல்லாம் ஞாபகம் வந்துவிடும். என் கையாலேயே ஒரு பிரட்டும் கொண்டு வருகிறேன். அவள் முன்னால் என் விரலை வைத்துக் காட்டுகிறேன். அப்புறம் தெரியும் யார் அம்மா என்று.


ஆகஸ்ட் 16

தங்கைக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? வழியெல்லாம் நீ எதுவும் சாப்பிட்டிருக்கமாட்டாய் என்று அத்தான் வருத்தப்பட்டார். அவர் உன் கண்ணைப் பார்க்காமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அவர் அப்படித்தான்.

நடந்ததை நீ வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். நீ வந்தாய். நான் தடுக்கவில்லை, துணிப்பையும் கட்டி வைத்திருந்தேன். நீ தூக்கினாய். அவள் அலறினாள். என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினாள். மூச்சு நின்று முகம் நீலம் பாய்ந்தது. நீயேதான் இறக்கிவிட்டாய். நான் பிடுங்கவில்லை.

அப்புறம் அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு உன் பிரட்டைத் தின்றாள். குழியில் நீ விரலை வைத்துக் காட்டினாய். அவள் சிரித்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்து, “அம்மாவுக்கும் சரியா இருக்கு, சித்திக்கும் சரியா இருக்கு” என்றாள். நீ அப்போதே சொல்லியிருக்கலாம். நான் உன் வாயைப் பொத்தவில்லை. “ஆமாண்டா செல்லம்” என்றாய். அது உன் வாயிலிருந்து வந்ததுதான்.

கொஞ்சம் பெரியவளாகட்டும், பார்க்கலாம் என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனாய். பார்க்கலாம்.

அன்று ராத்திரி தூக்கத்தில் அவள் ஒரு தடவை விசும்பினாள். அடிக்கடி வந்து போகாமல் இருப்பது அவளுக்கு நல்லது. பார்சல் இந்த வாரம் வரவில்லை.

அக்கா


செப்டம்பர் 28

அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

போன மாதம் இரண்டு வாரம் அனுப்பவில்லை. கோபத்தில் மாவையே தொடவில்லை. அவள் காலையில் என்ன தின்றிருப்பாள் என்று நினைத்து நினைத்து எனக்குத்தான் தொண்டைக்குள் எதுவும் இறங்கவில்லை. அதற்குப் பிறகு தவறவில்லை, இனியும் தவறாது. டைலரம்மாவிடம் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். “ஏம்மா, புள்ளைக்கு என்ன ஆச்சு?” என்றார். ஒன்றும் ஆகவில்லை, நன்றாக இருக்கிறாள் என்றேன். பொய் இல்லையே.

அவள் கையை நீட்டியது உன்னைப் பார்த்து. அதை என் கண்ணால் பார்த்துவிட்டேன். அதற்கு மேல் அவளை அழவைக்க என்னால் முடியாது. நீ ஜெயித்தாய் என்று வைத்துக்கொள். உன்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை, தீரவும் தீராது. ஆனால் அவளுக்குப் பசிக்கக் கூடாது.

இந்தத் தடவை ஒரு சின்ன விஷயம். ஆஸ்பத்திரியில் காய் நறுக்கும்போது வலது கட்டைவிரலில் ஆழமாக வெட்டிக்கொண்டேன், தையல் போட்டிருக்கிறது. அதனால் இடது விரலை அழுத்தியிருக்கிறேன். குழி மறுபக்கம் சாய்ந்திருக்கும். அவள் கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிடுவாள். விரல் மாறிப்போச்சே என்று மிரள்வாள். நீயும் வலது விரலில் ஒரு கட்டுப் போட்டுக்கொள். கத்தி பட்டுவிட்டது, அதனால் இந்தக் கையை வைத்தேன் என்று சொல். நம்புவாள்.

வெந்த அன்றே அனுப்புகிறேன், ஆறியிருக்கும், வெட்டலாம். சித்தி கேட்டதாகச் சொல்.

தங்கை


அக்டோபர் 9

தங்கைக்கு,

நாங்கள் மூவரும் நலம். பார்சல் வந்தது.

நீ சொன்னபடியே கட்டுப் போட்டுக்கொண்டேன். பார்ப்பதற்கு நிஜம் மாதிரி இருக்கட்டும் என்று உள்ளே கொஞ்சம் சிவப்பு மருந்தும் தடவினேன். நீ நினைத்தது சரிதான், குழியைப் பார்த்ததும் முகம் மாறியது. காரணம் சொன்னேன். பிரட்டை அப்படியே வைத்துவிட்டு என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊதினாள். “வலிக்குதாம்மா? ரொம்ப வலிக்குதா?” என்று கேட்டுக் கேட்டு ஊதினாள். கண்ணில் தண்ணீர்.

வலிக்கிறது என்றேன்.

இன்னும் தினமும் பள்ளியிலிருந்து வந்ததும் ஊதிவிடுகிறாள். கட்டை அவிழ்க்க மனம் வரவில்லை. உன் தையலை எப்போது பிரிக்கிறார்கள் என்று எழுது, அதற்கு ஏற்ற மாதிரி நானும் அவிழ்க்க வேண்டும்.

மழைக்காலம், பிரட்டை இரண்டு தாளில் சுற்றி அனுப்பு.

அக்கா